பூட்டும் சாவியும், பிறகு கையுறையும்

என் தம்பி ஏழு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறான். 400 மில்லிகிராம். கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மாத்திரையின் பெயர் இமாட்டினிப். அவனுக்கு வந்திருப்பது நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா, ரத்தப் புற்றுநோயில் மெதுவாக நகரும் வகை. இந்த மாத்திரை வருவதற்கு முன்பு, மெதுவாக நகர்ந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது தம்பி காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறான், பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறான், என்னோடு அரசியல் பேசிச் சண்டை போடுகிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. போன தடவை எண் ஏறியிருந்தது. டாக்டர் நிதானமான மனுஷர். "மாத்திரை ஒரு சாவி மாதிரி. நோயை உண்டாக்குகிற நொதி ஒரு பூட்டு. பூட்டு கொஞ்சம் மாறியிருக்கலாம், வேறொரு பரிசோதனை எடுத்துப் பார்ப்போம்" என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. மணிக்கூண்டு தாண்டியதும் கேட்டான்: "ஏண்ணே, பூட்டு எப்படிண்ணே மாறும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தப் பூட்டையும் சாவியையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1966 வாக்கில், பிரெஞ்சு வகுப்பில். எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். இயற்கை அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பள்ளம் வரைந்து, அதில் கச்சிதமாக உட்காரும் ஒரு முக்கோணத்தையும் வரைந்து, "லா க்ளே, லா செர்ரூர்" என்று இரண்டு முறை சொல்லி, நோட்டில் எழுதச் சொன்னார். சாவி, பூட்டு. அவ்வளவுதான் பாடம். அந்தப் படம் அப்போதே பழசாகிவிட்டது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தம்பிக்காகக் கடந்த சில வாரங்களாகத் தேடிப் படித்தேன். கண் டாக்டர் திட்டுவார், பரவாயில்லை. படித்ததை வழக்கம்போல இங்கே எழுதி வைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை, முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவன். ஒரு விஷயத்தை முதல் கடிதத்திலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

முதல் கடிதம் பிரான்சிலிருந்துதான் தொடங்குகிறது. 1833-இல் பாயென், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த நீரில் ஆல்கஹாலை ஊற்றினார்கள். ஒரு வெள்ளைப் பொருள் படிந்தது. அதைத் துளி எடுத்துக் கஞ்சிப் பசையில் போட்டால் பசை இளகிச் சர்க்கரையானது. அதற்கு 'தியஸ்தாஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இன்றைக்கு நொதிகளின் ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் 'ஏஸ்' என்று முடிவதற்கு அந்தப் பெயரின் வால்தான் காரணம். சோற்றைக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதல்லவா, அது எச்சிலில் இருக்கும் இதே வகை நொதியின் வேலை.

நொதி என்றால் இவ்வளவுதான்: உடம்புக்குள் நடக்கும் ஒரு வேதிவினையைப் பல மடங்கு வேகப்படுத்தும் பொருள், தான் செலவாகாது. ஆச்சரியம் என்னவென்றால் அதன் பிடிவாதம். ஒரு நொதி ஒரு பொருளைத்தான் தொடும். பக்கத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் இன்னொரு பொருள் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் எமில் ஃபிஷர். 1852-இல் கொலோன் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா வசதியான வியாபாரி. பையனை மர வியாபாரத்தில் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை. வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன், படிக்கவாவது போகட்டும் என்று அனுப்பியதாக ஒரு கதை உண்டு. அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஸ்ட்ராஸ்பூர். 1871 போரில் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பிடுங்கிக்கொண்ட ஊர். எங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் அல்சாஸ் பற்றிய பாடம் கண்ணீரோடுதான் எழுதப்பட்டிருக்கும். அதே ஊரில் அதே வருஷங்களில் ஒரு ஜெர்மானிய இளைஞன் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான் என்பது எங்கள் புத்தகத்தில் இல்லை.

ஃபிஷர் சர்க்கரைகளில் இறங்கினார். குளுக்கோஸ், மான்னோஸ், கேலக்டோஸ், எல்லாவற்றிலும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. ஒரு கை இடப்பக்கம் நீட்டியிருக்கிறதா வலப்பக்கமா என்பதில்தான் வித்தியாசம். கண்ணால் பார்க்க முடியாத இந்த வித்தியாசங்களை வெறும் சோதனைக் குழாயையும் தர்க்கத்தையும் வைத்து 1891-க்குள் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அவர் பயன்படுத்திய ஃபினைல் ஹைட்ரசின் அவரே கண்டுபிடித்த மருந்து, அதன் நஞ்சு அவர் உடம்பையே வருத்தியது. 1902-இல் நோபல் பரிசு.

1894-இல் அவர் செய்தது எளிமையான சோதனை. குளுக்கோஸோடு ஒரு சிறு வால் ஒட்டிய மெத்தில் குளுக்கோசைடு என்ற பொருளை எடுத்துக்கொண்டார். அது இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா. வால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தவிர வேறு வேற்றுமை இல்லை. ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி ஆல்ஃபாவை மட்டும் வெட்டியது. பாதாம் பருப்பிலிருந்து எடுத்த நொதி பீட்டாவை மட்டும் வெட்டியது. அப்போதுதான் அவர் எழுதினார்: ஓர் உவமையாகச் சொன்னால், நொதியும் சர்க்கரையும் பூட்டும் சாவியும்போல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று.

கவனிக்க வேண்டியது, அவர் அதை உவமை என்றே சொன்னார். நொதி எதனால் ஆனது என்றே அன்று யாருக்கும் நிச்சயமில்லை. 1926-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக எடுத்துக் காட்டி, அது புரதம்தான் என்று சொன்னார். அதையும் பல பேர் பல வருஷம் நம்பவில்லை. அதற்குள் ஃபிஷர் இல்லை. முதல் உலகப் போரின்போது மூன்று மகன்களில் இருவரை இழந்து, 1919-இல் இறந்துபோனார்.

உவமை நல்லதாக இருந்தால் ஒரு கெடுதி. கொஞ்ச நாளில் அது உவமை என்பது மறந்துபோய் உண்மையாகிவிடும். பூட்டு இரும்பு. சாவி இரும்பு. ஆக நொதியும் இறுகிய பொருள் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குறிப்பில் மேலதிகாரி பென்சிலால் 'இருக்கலாம்' என்று எழுதியது, மூன்று மேசை தாண்டியதும் 'இருக்கிறது' என்று மையில் ஏறிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரும்புப் பூட்டில் ஓட்டை கண்டுபிடித்தவர் டேனியல் கோஷ்லாண்ட். 1920-இல் பிறந்த அமெரிக்கர். அவருடைய அப்பா லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். இவர் போர்க்காலத்தில் சிகாகோவில் புளுட்டோனியம் சுத்திகரிக்கும் வேலை செய்து, பிறகு நொதிகளுக்கு வந்தார். 1950-களில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவரை ஒரு கேள்வி அரித்தது. கேள்வி தண்ணீரைப் பற்றியது.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஹெக்சோகைனேஸ் என்று ஒரு நொதி. நாம் சாப்பிட்ட சர்க்கரையை உடம்பு பயன்படுத்துவதில் முதல் வேலை அதனுடையது. ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து ஒரு பாஸ்ஃபேட் துண்டைப் பிய்த்துக் குளுக்கோஸின் கையில் கொடுக்கும். குளுக்கோஸின் அந்தக் கை என்பது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும். தண்ணீருக்கும் அதே கை இருக்கிறது. ரத்தத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தண்ணீர் மூலக்கூறுகள். நொதி இறுகிய பூட்டாக இருந்தால், பெரிய சாவியை அது தடுக்கும், சரி. குட்டித் தண்ணீரை எப்படித் தடுக்கும்? பூட்டின் துவாரத்தில் தவறான சாவி நுழையாது, ஆனால் கொண்டை ஊசி தாராளமாக நுழையும். தண்ணீர் உள்ளே போய் நின்றால் நொதி பாஸ்ஃபேட்டை அதன் கையில் கொடுத்துவிட வேண்டும். உடம்பு சிரமப்பட்டுச் சேர்த்த ஏ.டி.பி. எல்லாம் தண்ணீரில் கரைந்த காசாகப் போக வேண்டும். அப்படிப் போகவில்லை. தண்ணீர் உள்ளே நிற்கிறது, நொதி சும்மா இருக்கிறது. குளுக்கோஸ் வந்ததும் வேலை தொடங்குகிறது. தண்ணீருக்குச் செய்யும் வேலை பல்லாயிரம் மடங்கு மெதுவு.

அப்படியானால் குளுக்கோஸ் வெறுமனே வந்து உட்காரவில்லை. வந்து நொதியையே மாற்றுகிறது. அதன் அகலமும் நீளமும் நொதியின் இரண்டு பக்கத்தையும் தொட்டு இழுக்க, நொதி வளைந்து மூடி, வேலை செய்யும் உறுப்புகள் சரியான இடத்துக்கு வருகின்றன. தண்ணீருக்கு அந்த அகலம் இல்லை, இழுக்க முடியாது. 1958-இல் கோஷ்லாண்ட் இதை வெளியிட்டார். தூண்டப்பட்ட பொருத்தம் என்று தமிழில் சொல்லலாம். அவர் பிற்பாடு விரும்பிச் சொன்ன உவமை கையும் கையுறையும். கையுறை போடும் ஊர் இல்லை நம்முடையது. எனக்குத் தோன்றுவது வளையல்காரர். வளையலை வைத்துக்கொண்டு கையைப் பார்த்தால் ஏறவே ஏறாது என்றுதான் தோன்றும். அவர் விரல்களைக் குவித்து அழுத்த, கை தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு வழி விடும். வளையலின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது, கையின் வளைவும் தெரிய வேண்டும்.

கட்டுரையை வெளியிட அவர் பட்ட பாட்டைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். நூறு வருஷம் நிலைத்த ஃபிஷரின் கொள்கையை, இன்னும் முளைக்காத ஓர் ஆள் ஊகத்தால் கவிழ்க்க முடியாது என்கிற தோரணையில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதினாராம். கணக்குப் பார்த்தால் அப்போது நூறு வருஷம்கூட ஆகவில்லை, அறுபத்துச் சொச்சம்தான்.

அதே சமயத்தில் பாரிசில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இங்கே என் சொந்தக் கதையும் கலக்கிறது. 1971-இல், வேலை கிடைக்காமல் சும்மா இருந்த காலத்தில், ஒரு நண்பர் வீட்டில் ழாக் மோனோ எழுதிய 'லெ அசார் எ லா நெசெசித்தே' கைக்குக் கிடைத்தது. தற்செயலும் அவசியமும் என்று பொருள். அப்போது பிரான்சில் பரபரப்பாகப் பேசப்பட்ட புத்தகம். தத்துவம் என்று நினைத்து எடுத்தேன். நடுவில் பார்த்தால் நொதிகள். பாதி புரியவில்லை. புரிந்ததில் ஒரு விஷயம் மட்டும் ஐம்பது வருஷமாக மனசில் தங்கியிருந்தது: நொதிக்கு இரண்டு வாசல் இருக்கலாம், ஒரு வாசலில் நடப்பது இன்னொரு வாசலைத் திறக்கவோ மூடவோ செய்யலாம் என்பது.

மோனோ பாஸ்தர் நிறுவனத்தில் இருந்தவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தலைமறைவுப் போராளி. அவரோடு வேலை செய்த ஆக்னெஸ் உல்மான் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்தவர். தப்ப வைத்ததில் மோனோவுக்குப் பங்கு உண்டு, வண்டியொன்றின் குளியல் தொட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். 1961 கடைசியில் ஒருநாள் மாலை மோனோ சோர்ந்த முகத்தோடு அவருடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து ரொம்ப நேரம் பேசாமல் நின்றாராம். பிறகு, உயிரின் இரண்டாவது ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறேன் என்றாராம். உல்மான் பயந்துபோய், ஒரு வாய் விஸ்கி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று கிளாசுக்குப் பிறகுதான் விளக்கம் வந்தது.

விளக்கம் இதுதான். ஒரு நொதியை அடக்கும் பொருள், அது வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்வதில்லை, வேறோர் இடத்தில் உட்காருகிறது. வினைப்பொருளுக்கும் இதற்கும் சாயலே இல்லாமல்கூட இருக்கலாம். ஷான்ஷோ என்ற இளம் மாணவர் செய்த சோதனைகள் இதைத்தான் காட்டின. வேறு இடத்தில் உட்கார்ந்து இங்கே அடக்குவது எப்படி? நொதியின் உடம்பு முழுவதும் அசைந்தால்தான் முடியும். 1965-இல் மோனோ, வைமன், ஷான்ஷோ மூவரும் எழுதிய கட்டுரையில் ஒரு படி மேலே போனார்கள். நொதி எப்போதுமே இரண்டு நிலைகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கிறது, ஒன்று இறுக்கமான நிலை, ஒன்று தளர்ந்த நிலை. வருகிற பொருள் நொதியை வளைக்கவில்லை. தனக்குப் பிடித்த நிலையில் அது இருக்கும்போது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

கோஷ்லாண்ட் விடவில்லை. 1966-இல் தன் கூட்டாளிகளோடு பதில் எழுதினார்: இல்லை, ஒவ்வொரு துண்டாக, பொருள் வந்த பிறகே வளைகிறது என்று. இந்த வழக்கு இன்றுவரை முழுசாகத் தள்ளுபடி ஆகவில்லை. ஒவ்வொரு நொதிக்கும் தனித்தனித் தீர்ப்பு.

வாதம் செய்தவர்கள் யாரும் நொதி அசைவதைக் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் பார்த்தவர், அதுவும் தற்செயலாக, பிராக் நகரில் இருந்த ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ். அவர் பார்த்தது நொதி இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை நுண்ணோக்கியில் வைத்திருந்தார். அறுகோணத் தகடுகள், ஊதா நிறம். கண்ணாடியின் ஓரத்தில் காற்று நுழைந்ததும் தகடுகள் கரைந்து, சிவப்பு ஊசிகளாக வேறு படிகம் வளர்ந்தது. 1938-இல் அதை எழுதினார். ஆக்சிஜன் ஏறினால் மூலக்கூறின் வடிவமே மாறுகிறது, அதனால்தான் பழைய அடுக்கு இடிந்துவிழுகிறது. மேக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள ஹௌரோவிட்ஸும் ஒரு காரணம். இருபத்திரண்டு வருஷம் உழைத்து 1959-இல் அதன் உருவத்தைக் கண்டார்.

பிறகு எக்ஸ் கதிர்ப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1965-இல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு கண்ட லைசோசைம், உருவம் தெரிந்த முதல் நொதி. இரண்டு வருஷத்தில் லிப்ஸ்கோம் குழு ஒரு செரிமான நொதியைப் படம்பிடித்தது, வினைப்பொருள் வந்ததும் அதன் ஒரு பக்கச் சங்கிலி நெடுந்தூரம் திரும்பிக் கதவு மூடுவதைக் காட்டியது. நம் ஊர்ப் பங்கும் இங்கே உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்பதற்கு 1963-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு போட்டுக் கொடுத்த வரைபடத்தை இன்றும் உலகம் முழுவதும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

கோஷ்லாண்டின் ஹெக்சோகைனேஸ் வழக்குக்குச் சாட்சி வந்தது 1978-இல். தாமஸ் ஸ்டைட்ஸ் தன் கூட்டாளியோடு ஈஸ்ட் ஹெக்சோகைனேஸைக் குளுக்கோஸ் இல்லாமலும் இருந்தும் பார்த்தார். நொதி இரண்டு மடல்களாக இருக்கிறது, நடுவில் ஒரு பிளவு. குளுக்கோஸ் வந்ததும் ஒரு மடல் 12 டிகிரி திரும்பிப் பிளவு மூடுகிறது, குளுக்கோஸைச் சுற்றியிருந்த தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துச் சொன்னது. இந்த ஸ்டைட்ஸ்தான் 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணனோடும் அடா யோனாத்தோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அது ரைபோசோமுக்காக.

ஒரு விஷயத்தை நான் முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். வளைந்து கொடுத்தால் பிடி இறுகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வளைவதற்குச் சக்தி செலவாகிறது. பொருள் உட்காருவதால் கிடைக்கும் லாபத்திலிருந்துதான் அந்தச் செலவு கழிகிறது. ஆகவே பிடி சற்றுத் தளர்ந்தே இருக்கும். நொதிக்கு அது நல்லதுதான். ரொம்ப இறுக்கிப் பிடித்தால் வேலை முடிந்த பிறகு விடாது. அடினைலேட் கைனேஸ் என்ற நொதியில் வேகத்தைத் தீர்மானிப்பது வேதிவினையே இல்லை, வேலை முடிந்து மூடியைத் திறக்கும் நேரம்தான் என்று டோரத்தி கெர்ன் குழு 2004-இல் காட்டியது. வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் அதே நொதியைச் சாதாரண வெப்பத்தில் வைத்தால் அது மந்தமாக வேலை செய்கிறது. மூடி திறக்க நேரமாகிறது.

இனி தம்பியின் பூட்டு.

நம் உயிரணுக்களில் ஏபிஎல் என்று ஒரு நொதி இருக்கிறது. அளவோடு வேலை செய்யும், பிறகு தன்னை அணைத்துக்கொள்ளும். 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குட்டையான குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி, 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று கண்டார். அந்த ஒட்டு வேலையில் ஏபிஎல் தன் அணைக்கும் பொத்தானை இழந்துவிடுகிறது. ஓயாமல் வேலை செய்கிறது. வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

இமாட்டினிப் அந்த நொதியில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2000-இல் ஜான் குரியன் குழு எடுத்த படத்தில்தான் ஆச்சரியம் இருந்தது. மருந்து உட்கார்ந்திருப்பது வேலை செய்துகொண்டிருக்கும் நொதியில் இல்லை, அணைந்த நிலையில், ஒரு சுருள் உள்பக்கம் திரும்பியிருக்கும் நிலையில். நொதி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது, அந்த ஆட்டத்தில் கொஞ்ச நேரம் அணைந்த வடிவத்துக்கும் வருகிறது. மருந்து அந்த நேரம் பார்த்துப் பிடித்து, மறுபடி எழவிடாமல் வைத்துக்கொள்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ இருந்தது. சாவி சரியான சாவிதான். ஆனால் மின்விசிறிக் காற்றில் கதவு லேசாக ஆடும்போது, ஒரு கணம் நாக்கும் துவாரமும் நேருக்கு நேர் வரும். அந்தக் கணத்தில் திருப்பினால்தான் திரும்பும். புதிதாக வந்தவர்கள் சாவியைக் குறை சொல்லுவார்கள். மோனோவின் கட்சி இதுதான்.

எஸ்ஆர்சி என்று ஏபிஎல்லுக்கு ஒரு பங்காளி நொதி. மருந்து தொடும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் மருந்து ஏபிஎல்லைப் பிடிப்பதுபோல் எஸ்ஆர்சியைப் பிடிப்பதில்லை, ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். துவாரம் ஒன்று, ஆனால் பூட்டு வேறு. அதே கெர்ன் குழு 2014-இல் சொன்னது இன்னும் சிக்கல்: மருந்து உட்கார்ந்த பிறகு ஏபிஎல் மெதுவாக மேலும் ஒருமுறை வளைந்து இறுகுகிறது, முக்கியமான வித்தியாசம் அங்கேதான் வருகிறது என்று. அதாவது கோஷ்லாண்டும் சரி. ஒரே மாத்திரைக்குள் இரண்டு கட்சியும் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு சின்ன விலகல். இந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006-இல் நிராகரிக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நிராகரிப்பு உறுதியானது. அந்த வழக்கிலும் பிரச்சினை வடிவம்தான், மருந்துப் படிகத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம். ஓய்வூதியக்காரன் வீட்டில் இந்த மாத்திரை வாங்க முடிகிறதென்றால் அந்தத் தீர்ப்புக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே, தம்பி, பூட்டு இரண்டு விதமாக மாறலாம். ஒன்று, துவாரமே மாறுவது. நொதியின் சங்கிலியில் 315-ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டும். நகல் எடுக்கும்போது நேர்ந்த பிழையால் அங்கே ஐசோலியூசின் வந்துவிட்டால், அது பருத்த பொருள், மருந்தை உட்காரவிடாமல் இடிக்கும். இன்னொன்று, துவாரத்தை விட்டு விலகிய இடங்களில் வரும் மாற்றம். துவாரம் அப்படியே இருக்கும். ஆனால் நொதி அந்த அணைந்த வடிவத்துக்கு முன்போல வராது, ஆட்டமே மாறிவிடும். சாவி கையில் இருக்கும், கதவு அந்தக் கணத்துக்கு வரவே வராது. நீ கேட்டதற்கு இதுதான் பதில். அறுபது வருஷத்துக்கு முன்னால் என் கரும்பலகையில் இருந்த படத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது வகையைச் சொல்லியிருக்கவே முடியாது.

எந்த மாற்றம் என்று தெரிந்தால் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆசிமினிப், 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வழக்கமான துவாரத்துக்கே போகாது. நொதியின் பின்பக்கத்தில் வேறொரு குழியில் உட்கார்ந்து, அங்கிருந்தே முன்வாசலை அடைக்கிறது. மோனோவின் இரண்டாவது வாசல். 1971-இல் திண்ணையில் உட்கார்ந்து பாதி புரியாமல் படித்த பக்கம் இப்படி என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று மாலை இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பீரோ கதையைக் கேட்டுச் சிரித்தான். "அண்ணே, அந்த பீரோவைக் கடைசியில என்ன பண்ணீங்க?" என்று கேட்டான். ஏலத்தில் போய்விட்டது என்றேன். பரிசோதனை முடிவு அடுத்த வியாழக்கிழமை வருகிறது. பத்து மணிக்கு டோக்கன். நானும் கூடப் போகிறேன்.